விசாவுக்காகக் கணக்கில் போட்ட நாலு லட்சம்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் கரும்புக் கழனிக்குப் பக்கத்தில் தானும் கரும்பு போட்டிருக்கும் பங்காளி அண்ணன், வில்லியனூரிலிருந்து வந்த டிராவல்ஸ் ஏஜெண்ட். பிரான்ஸிலிருந்து அக்கா வீடியோ காலில் இருந்தாள். அவளையும் சேர்த்தால் ஐந்து பேர்.

அக்கா மகளுக்கு அங்கே கல்யாணம் வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன். மாடுகளை விட்டுவிட்டு வர முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். கல்யாணம் முடிந்ததும் சுவிட்சர்லாந்து, இத்தாலி இரண்டையும் காரிலேயே சுற்றிக் காட்டுவதாக அக்கா வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நான் எட்டாவதோடு நின்றவன். விண்ணப்பப் பாரம் எதையாவது கையில் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிவிடுவேன்.

“ஒரே விசாதாண்ணே, இருபத்தொம்பது நாட்டுக்கும் செல்லும்” என்றார் ஏஜெண்ட். “எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அவங்ககிட்ட மனு போடணும்.”

விரல் விட்டு எண்ணினேன். பிரான்ஸில் பன்னிரண்டு நாள். மற்ற இரண்டிலும் மும்மூன்று. பிரான்ஸ்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“நடுவுல கார் ரிப்பேராயி இத்தாலியிலயே மாட்டிக்கினா இன்னா பண்றது?”

“பாத்தீங்களா மாமா, ஏறி உக்கார்றதுக்கு முன்னாடியே வண்டிய ரிப்பேர் பண்ணிட்டாரு” என்று பங்காளி அண்ணனிடம் சொன்னாள் மனைவி.

ஏஜெண்ட் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த நாடுகளை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். அதில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. தம்பி என் வீட்டில்தான் தங்குவான் என்று அக்கா தன் ஊர் நகராட்சி ஆபீஸான மேரியில் எழுதி வாங்கி அனுப்பும் தாள். அப்புறம் மூன்று மாத பேங்க் கணக்கு.

பாஸ்புக்கை எடுத்து வைத்தேன். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் இருந்தது.

“இத்த காட்டுனா வெள்ளக்காரன் சிரிப்பான் தம்பி” என்றார் பங்காளி அண்ணன். “நாலு லட்சம் நான் தரேன். போட்டுக் காட்டிட்டு எடுத்துக் குடு. மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி போதும்.”

“இன்னாத்துக்குடா அது?” என்று போனில் இருந்து அக்கா கத்தினாள். “இருக்கறத காட்டுடா. நான்தான் இங்க பொறுப்பு எடுத்துக்கறேன் இல்ல?”

“வெயிட்டா காட்டுனா நல்லதுதாங்க” என்றார் ஏஜெண்ட்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு நகை குறைந்தால் இரவல் வாங்கிப் போட்டு மேடையில் உட்கார வைப்போம். மறுநாள் கழற்றிக் கொடுத்துவிடுவோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதையும் நான் அப்படித்தான் நினைத்தேன். அதோடு, சிரிப்பான் என்ற சொல் மனசில் தங்கிவிட்டது. மறுநாள் நாலு லட்சத்தையும் பேங்கில் ஒரே சலானில் கட்டினேன்.

மனு கொடுக்கத் தேதி கிடைக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. போய்க் கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். பதில் வரும்வரை பணத்தை எடுக்கக்கூடாது என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். யாராவது ஏமாற்றி உருவிவிடுவார்களோ என்று இரண்டு நாளைக்கு ஒரு தரம் பேங்குக்குப் போய் வரவு செலவு பார்த்தேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை. ஒரு தாள் இருந்தது, அதில் ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தது. ஏஜெண்ட் படித்துச் சொன்னார்.

“பணம் உங்களுதுன்னு அவங்க நம்பலண்ணே. அதுவரைக்கும் அம்பதாயிரத்த தாண்டாத கணக்குல ஒரே நாள்ல நாலு லட்சம் ஏறி இருக்குது இல்ல?”

“அன்னைக்கி வெயிட்டா இருந்தா நல்லதுன்ன?”

“கொஞ்சம் கொஞ்சமா ஏறி இருந்தா நல்லதுண்ணே.”

திரும்ப மனு போட நாள் இல்லை. அக்காவுக்குச் சொன்னபோது அவள் கத்தவில்லை. “கரும்புக் காசு வந்து போன கணக்கே போதும்டா. பயந்து பயந்தே கெடுத்துக்கின” என்றாள். பிறகு, பட்டம் கட்ட வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று போனை வைத்தாள்.

சித்தப்பா மகன் ஒருவன் ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டார்கள். ரயிலேறிப் போய்விட்டான். எல்லையில் அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கல்யாணத்தை நானும் மனைவியும் போனில் பார்த்தோம். பட்டத்தைக் கொஞ்சம் கோணலாகக் கட்டினான். அக்கா கையை நீட்டி நேராக்கினாள்.

விசா இல்லை என்று தெரிந்த மறுநாளே நாலு லட்சத்தையும் எடுத்துப் பங்காளி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எண்ணி வாங்கிக்கொண்டு, இரண்டு மாத வட்டி பதினாறாயிரம் என்றார். ஐந்தாயிரம் கொடுத்திருக்கிறேன். பதினோராயிரம் பாக்கி.