பெயிண்டர் கைகட்டி இருந்த ஒன்பது நாள்

வேலையிடத்தில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். காலையில் ஏணியில் ஏறினால் இறங்கும்வரை நாலு வார்த்தை பேசமாட்டார். அதே மனிதரை வீட்டில் பார்க்கவேண்டும். வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி, ஆனால் பேசுவது வாய் அல்ல, கை. மனைவிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கல்யாணமான புதிதில் அவளிடமே தட்டுத்தடுமாறிக் கைப்பேச்சு கற்றவர், பதினாறு வருஷத்தில் அவளையே மிஞ்சிவிட்டார். எந்தச் சுவர் பொருக்கு விட்டது, எந்த வீட்டுக்காரர் நீலம் கேட்டுவிட்டுப் பச்சைக்கு மாறினார், எல்லாம் சாயங்காலம் ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்லியாகவேண்டும். ஜன்னல் வழியே இதைப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்டுல கொசு ரொம்ப ஜாஸ்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

சண்டை போடுவதும் கையால்தான். முற்றிப்போனால் யாராவது ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய வசை கிடையாது. அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்ததில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் அவருக்கும் அவர் மச்சானுக்கும், அதாவது மனைவியின் அண்ணனுக்கும், பதினெட்டு வகுப்பறைகளின் உள்கூரைக்கு வெள்ளை அடிக்கும் வேலை வந்தது. நீளக் கழியில் மாட்டிய ரோலரைத் தலைக்கு மேலே தூக்கி நாள் முழுக்க உருட்டவேண்டும். ஆறாவது அறையில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. எட்டாவது அறை முடிவதற்குள் தண்ணீர் தம்ளரைத் தூக்க முடியவில்லை, துணியைப் பிழிய முடியவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பிசியோதெரபி பார்க்கும் அம்மா அவருடைய நடுவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப விரலைத் தூக்குங்க" என்றார். தூக்கியதும் மனிதருக்கு உயிர் போயிற்று.

"டென்னிஸ் எல்போன்னு சொல்வாங்க."

"அந்த ஆட்டத்தை நான் டிவியில கூட பார்த்ததில்லையேம்மா."

"பந்து அடிக்கிறவங்களைவிட பெயிண்டர், தச்சர், சமையல்காரங்கதான் எங்கிட்ட அதிகம் வர்றாங்க. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற தசை முழங்கை எலும்புல வந்து ஒட்டுது பாருங்க, அந்த இடம் நொந்துபோயிருக்கு. கைக்கு வேலையைக் குறைச்சாதான் ஆறும்." முழங்கைக்குக் கொஞ்சம் கீழே ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். மேஜை விளிம்பில் மணிக்கட்டைத் தொங்கவிட்டு மெதுவாக இறக்கும் பயிற்சி ஒன்றும் சொல்லிக்கொடுத்தார்.

மனிதர் கோட்டை விட்டது இங்கேதான். வேலையைக் குறைக்க வேண்டும், சரி. எங்கே குறைப்பது? பள்ளி திறக்கும் தேதி தள்ளிப்போகாது. வலியென்று வீட்டில் சொன்னால் மறுநாளே ரோலரைப் பிடுங்கி வைத்துவிடுவாள். ஆகவே வேலையில் கை வைக்காமல் பேச்சைக் குறைத்தார். பட்டை தெரியாதபடி முழுக்கைச் சட்டை போட்டார். வீட்டுக்கு வந்ததும் வலது கையை மடித்து, அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேட்டதற்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அடப்பாவி மனிதா, நீ எப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று உனக்கே தெரியவேண்டாமா?

முதல் நாள் மனைவி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். தலையை ஆட்டி இல்லையென்றார். மூன்றாம் நாள், "நான் ஏதாவது தப்பு செய்தேனா?" என்றாள். அதற்கும் அதே தலையாட்டல். ஐந்தாம் நாளிலிருந்து அவள் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம், பதினான்காவது அறையில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த மச்சான் குச்சியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க மச்சான்."

"தங்கச்சி நேத்து வீட்டுக்கு வந்தா. உங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொன்னா. காது கேக்கிற பொண்ணா பார்த்துக் கட்டியிருக்கலாம்னு உங்களுக்கு இப்பத் தோணுதாம், அது நிஜமா? நிஜம்னா அவகிட்டயே நேரா சொல்லிடலாமாம். தாங்கிக்குவாளாம்."

பெயிண்டர் ரோலரைத் தட்டில் போட்டுவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிப் பட்டையைக் காட்டினார். விஷயத்தைக் கேட்டு முடித்த மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதை எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? முதல்ல வீட்டுக்குப் போங்க. கூரை எங்கேயும் ஓடிடாது, நான் ஆள் வச்சுப் பார்த்துக்கறேன்."

மனைவி வீட்டில் யாருடைய பாவாடைக்கோ ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வேளை கெட்ட வேளையில் வந்து நிற்பவரைக் கண்டதும் முகம் வெளிறியது. பதில் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். அவர் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டினார். வலி, ஆஸ்பத்திரி, கூரை என்று இடது கையால் தாறுமாறாகச் சொன்னார். வேலைக்காகக் கையை மிச்சம் பிடித்தேன் என்றார்.

அவள் பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைப்பேச்சில் நீ, நீங்க என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, எதிரே இருப்பவர் நெஞ்சை விரல் சுட்டினால் நீதான்.

"பொறந்ததுலேருந்து எனக்குக் காது கேக்காது. ஆனா இந்த ஒன்பது நாளாத்தான் நான் செவிடு. நீதான் பண்ணினே."

பதில் சொல்ல வலது கையைத் தூக்கியவருக்குப் பாதியிலேயே முழங்கை சுருக்கென்றது. அவள் தன் இடது உள்ளங்கையை அவர் முழங்கைக்குக் கீழே கொடுத்து மொத்த பாரத்தையும் வாங்கிக்கொண்டாள். பேச அவளுக்கு ஒரு கைதான் மிச்சமிருந்தது.

"மெதுவா சொல்லு," என்றாள் அந்தக் கையால். "ஒண்ணு விடாம சொல்லு."

பெயிண்டர் ஆறாவது அறையிலிருந்து ஆரம்பித்தார்.