கேட்டுக்கு வெளியே ஒரு ஓடிபி

அக்காவின் லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸையும் ஏற்றலாம் என்றேன். "என்னமும் பண்ணு, இது வேகமா ஓடுனாச் சரி" என்று கொடுத்துவிட்டாள்.

லினக்ஸ் இருந்த பென்டிரைவைச் செருகினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், வேற்று பென்டிரைவைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ பாதுகாப்பை அணைத்தேன். போன உற்சாகத்தில் வேறு சிலவற்றையும் தட்டிவிட்டேன். மறுபடி திறந்தால் லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத் திரை நின்றது. பழையபடி மாற்றலாம் என்றால் எதையெதைத் தட்டினேன் என்பதே நினைவில்லை.

உள்ளே அக்கா வரைந்த மத்தாப்புப் பெட்டி லேபிள் இருந்தது. அவளுடைய முதல் ஆர்டர். சாயங்காலத்துக்குள் சிவகாசி அச்சகத்தில் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஏலே, காப்பி எடுத்து வச்சியா?"

"வைக்கணும்னுதான் நெனச்சேன்."

சாவி அவளுடைய ஆன்லைன் கணக்கில் இருக்கும். கணக்கைத் திறக்கும் ஓடிபி அம்மாவின் நம்பருக்கு வரும். அம்மாவோ ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில். செல்போனை அணைத்து கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் அங்கே உள்ளே போக முடியும். லேப்டாப்போடு பஸ் ஏறினேன்.

என் பையைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்துவிட்டார். "அங்கனயே நில்லுங்க தம்பி. பேட்டரிச் சாமான் கேட்டைத் தாண்டப்பிடாது."

ஆள் விட்டுக் கூப்பிட்டதும் அம்மா கையெல்லாம் அலுமினியத் தூளோடு ஓடிவந்தாள். "யாருக்கு என்னலே ஆச்சு?"

"லேப்டாப்பு தெறக்கலம்மா."

"எடுபட்ட பயலே, ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

எதிர்ப்புற டீக்கடையில் வைத்து அம்மாவின் பட்டன் போனை ஆன் செய்தோம். மெசேஜ் பெட்டி நிரம்பியிருந்ததால் ஓடிபி உள்ளே வரவில்லை. நான் அழிக்கத் தொடங்கினேன்.

"அதை அழிக்காத, நெட்டு இலவசம்னு போட்டிருக்கான்."

"இந்தப் போன்ல நெட்டே கிடையாதும்மா!"

"இருக்கட்டுமே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

கெஞ்சி இரண்டை அழித்ததும் ஓடிபி வந்தது. என் போனில் சாவியைத் திறந்து கொடுக்க, அம்மா சத்தமாக வாசித்தாள், நான் தட்டினேன்.

"லாட்டரி ரிசல்ட்டா?" என்று டீ குடித்தவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

விண்டோஸ் திறந்தது. லேபிளும் இருந்தது. "மெயில்ல அனுப்பட்டுமா?" என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"நீ ஒண்ணையும் அமுக்காத. அணைக்காத, மூடாத. அப்படியே அச்சகத்துக்குக் கொண்டா."

திறந்த லேப்டாப்பை மடியில் வைத்தபடி சிவகாசி வரை வந்தேன். "படம் போடுதியா தம்பி?" என்றார் கண்டக்டர்.

அச்சகக்காரர் லேபிளைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, அங்கே வந்து காத்திருந்த அக்கா வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் தொடங்கியவள், பஸ் ஸ்டாண்டு வரை நிறுத்தாமல் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது.