வேலைக்கு வராத பிள்ளை

இலங்கையைப் பற்றி விஜயகுமாரிக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: அம்மா மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியின் ஈர வாடை. மூன்று வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன நிற்கும்? மற்றதெல்லாம் நிக்கோபாரின் கட்சால் தீவுதான். ரப்பர் மரத்தில் கத்தி வைக்கப் பழகியது, கல்யாணம், அகிலா பிறந்தது, சுனாமியன்று மகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது, புருஷனை அன்றே கடலுக்குக் கொடுத்தது.

ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டபோதுதான் வினை வந்தது. பிறந்த ஊரைப் பார்த்த அதிகாரிகள் குடியுரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள். தாயகம் திரும்பிய குடும்பங்களின் பழைய பதிவில் அவளுடைய அப்பா ஐயாவு, தன் குடும்பத்தில் இரண்டு பேர் என்று சொல்லியிருந்தார். குழந்தையே இல்லை. அப்படியானால் இவள் பின்னால் களவாக வந்தவள். இலங்கைக்கே திருப்பி அனுப்பலாமா என்று விசாரிக்க நோட்டீஸ் வந்தது.

போர்ட் பிளேருக்குப் போகும் கப்பலில் ஒரு கான்ட்ராக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சட்டம்னா சட்டம்தானேம்மா. அங்க பொறந்தவங்க அங்க போறதுதான் முறை" என்றார்.

"போறேண்ணே. எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும்னு மட்டும் சொல்லிருங்க."

அவர் அதற்குப்பின் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று வயதுப் பிள்ளை எடுக்காத முடிவுக்கு அதன் முதுமையைப் பொறுப்பாக்கலாமா என்பது பெரிய கேள்வி. ஊரில் டீக்கடை முதல் தேவாலயம் வரை அதைப் பேசினார்கள். அவளை அரித்த கேள்வி அதைவிடச் சிறியது: பெற்ற அப்பாவே ஏன் என்னை விட்டுவிட்டார்?

அபர்டீன் பஜார் பக்கத்து அலுவலகத்தில் விசாரணை. அகிலா கைக்குழந்தையோடு உடன் வந்திருந்தாள். சாட்சி பொன்னம்மா, இலங்கையிலிருந்து அதே கப்பலில் வந்து, இப்போது ஹட் பேயில் இருக்கும் எண்பது வயதுக்காரி. அதிகாரி பாலகுமார் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"இவங்க கப்பல்ல வந்ததைப் பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? வழி பூரா அழுதா தொரை. எம்மேல வாந்தியும் எடுத்தா."

அகிலா சிரிப்பை அடக்கினாள்.

"அப்ப இவங்கப்பா ஏன் ரெண்டு பேர்னு சொன்னாரு?"

"வேற எப்பிடிச் சொல்லுவான்? ரெண்டு பேர்தானே!"

பாலகுமார் பேனாவை எடுத்தார். எடுத்தவர், எழுதாமல் கேட்டார்: "நீங்க எத்தனை பேர்னு சொன்னீங்க?"

"நானும் அவரும். ரெண்டு."

"பிள்ளைங்க?"

"நாலு."

"அந்த நாலையும் ஏன் சொல்லலை?"

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுங்கதான் வேலைக்கு வராதே தொரை!"

தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவார்கள். வேலைக்கு நிற்பவர்கள்தான் எண்ணிக்கை. குழந்தைகள் பிள்ளைக் காம்பரா என்ற அறையில் கிடக்கும். மூன்று தலைமுறையாக அப்படியே எண்ணப்பட்டவரிடம், மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் "எத்தனை?" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? விஜயகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பா அவளை விடவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்.

"உங்க பிள்ளைங்களை யாரும் எதுவும் கேக்கலையா?"

"பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாத்தியாரு எழுதிக் குடுத்துச் சரியாக்கிட்டாரு. சின்னவன் சந்திரமோகன் கப்பல் டிக்கெட் கவுண்டர்ல இருக்கான், சர்க்கார் உத்தியோகம். இவ எங்க பள்ளிக்கூடம் போனா? கத்தியை எடுத்துக்கிட்டு மரத்துக்குல்ல போனா!"

பாலகுமார் அந்தக் கப்பலின் பதிவை வரவழைத்துப் பார்த்தார். அத்தனை குடும்பங்கள்; ஒரு சிறு குழந்தைகூட இல்லை.

"ஒரே கப்பல், ஒரே தப்பு. ஒருத்தருக்குத் திருத்திட்டு இன்னொருத்தரை வெளிய அனுப்ப முடியாது" என்றார். நோட்டீஸ் ரத்தானது. உத்தரவில் அழகான வாக்கியம் எதுவும் இல்லை. ஆனால் சரியான உத்தரவு. அது அடிக்கடி கிடைப்பதில்லை.

படியிறங்கும்போது பொன்னம்மா, "என் சேலையைப் பாழாக்குனதுக்கு இன்னும் புதுச் சேலை வரலடி" என்றாள். விஜயகுமாரி பஜார் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

ஊர் திரும்ப டிக்கெட் எடுக்கத் தாயும் மகளும் போனார்கள். கவுண்டருக்குள் சந்திரமோகனே இருந்தான். செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. அவன் முகமெல்லாம் பல்.

"எத்தனை பேரு விஜயா?"

"மூணு."

எட்டிப் பார்த்தான். "கைக்குழந்தைக்கு டிக்கெட் வேணாமே."

"டிக்கெட் வேணாம். எண்ணிக்கையில சேத்துக்க" என்று, குழந்தையை வாங்கி அவன் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள் விஜயகுமாரி.