பெரியம்மா ஒப்படைக்காத அட்டை

அம்மாவின் அக்காவை எங்கள் ஊரில் கட்சிக்காரி என்றுதான் சொல்வார்கள். பசுவந்தனைக்குத் தெற்கே, கரிசலுக்கு நடுவில் கிடக்கும் சின்ன ஊர் எங்களுடையது. தேர்தல் வந்துவிட்டால் பெரியம்மாவுக்குக் கால் வீட்டில் தங்காது. ஒரு மறியலில் கலந்துகொண்டு பதினைந்து நாள் ஜெயிலில் இருந்திருக்கிறாள். திருச்செந்தூருக்குப் போய் வந்த கதையைப் போல அதை முகம் மலரச் சொல்லுவாள்.

அவள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வைத்தவர், ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். குழாய் வந்தது, தண்ணீர் வரவில்லை. கேட்கப் போன பெரியம்மாவை வாசலில் அரை நாள் நிற்க வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. திரும்பி வந்தவள், கட்சிக்கரை போட்ட சேலைகளை எல்லாம் பருத்தி மூட்டை கட்ட எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு ஊருக்குள் வந்த எந்தக் கட்சிக்காரரும் அவளிடம் வசவு வாங்காமல் போனதில்லை.

அதனால், தண்ணீர் வராததைக் கண்டித்து ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் தாலுகா ஆபீஸில் ஒப்படைத்துவிடுவது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தபோது, முதலில் கை தூக்கியது பெரியம்மா என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளிக்கு மட்டம் போடக் கிடைத்த வாய்ப்பை விடாமல் அவளோடு லாரியில் தொற்றிக்கொண்டேன்.

ஓட்டப்பிடாரத்தில் தாசில்தார் மேஜைக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகப் போய் இரண்டு அட்டைகளையும் வைத்தார்கள். பெரியம்மா ரேஷன் கார்டை மட்டும் வைத்துவிட்டு விறுவிறுவென்று நகர்ந்தாள். பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். உதவி செய்யும் ஆர்வத்தில், "பெரியம்மா, இன்னொண்ணு பர்சுலயே இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

வரிசை முழுவதும் திரும்பியது. ஊரைத் திரட்டிக் கூட்டி வந்திருந்த கடைக்கார அண்ணாச்சி பக்கத்தில் வந்து, கட்சிப் பாசம் இன்னும் போகவில்லையா என்று கேட்டார். பின்னாலிருந்து யாரோ துரோகி என்றார்கள். பெரியம்மா பர்சை இடுப்பில் செருகிக்கொண்டு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள்.

"கட்சிய நான் எப்பமோ தூக்கி எறிஞ்சாச்சு அண்ணாச்சி. அரிசியும் சீனியும் வேண்டாம், எடுத்துக்கிடட்டும். ஆனா இது நான் இந்த நாட்டுக்காரின்னு சொல்லுத அட்டை. அவிய சரியில்லங்கதுக்காக நான் எதுக்கு நாட்ட விட்டுக் குடுக்கணும்? இதையும் குடுத்துட்டா, தண்ணி எங்கன்னு எந்த உரிமைல கேப்பேன்?"

தாசில்தார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது லாரியில் யாரும் எங்களோடு பேசவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று நான் அழுதேன். பெரியம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். கூட்டத்தில் கை தூக்கும்போது தெரியவில்லை, மேஜைப் பக்கம் போனதும் கொடுக்க மனசு வரவில்லை என்றாள்.

"அழாத ஏட்டி. நீ சொன்னது நல்லதாப் போச்சு. இல்லன்னா களவாணி மாதிரில்லா ஒளிச்சுக் கொண்டாந்திருப்பேன்."

ஊர் அவளோடு பேச இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஒப்படைத்த அட்டைகளைத் தலையாரி ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரியம்மா திங்கட்கிழமைதோறும் தான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, மனுவோடு தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்குப் பஸ் ஏறினாள். கலெக்டர்கள் இரண்டு பேர் மாறினார்கள். இவள் மாறவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்த அன்று, முதல் குடத்தை அவளைத்தான் பிடிக்கச் சொன்னார் கடைக்கார அண்ணாச்சி. பெரியம்மா ஒரு மடக்கு குடித்துப் பார்த்தாள். உப்புக் கரிக்கிறது, அடுத்த திங்கட்கிழமையும் போகத்தான் வேண்டும் என்றாள்.

ஒருநாள் அவள் பர்சைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் பெரியம்மா கண்ணை மூடியிருந்தாள். வயதில் பத்தைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். பெரியப்பா பெயரில் பாதி எழுத்தைக் காணோம். தன்னை இவ்வளவு தப்பும் தவறுமாக எழுதி வைத்திருக்கும் ஒன்றுக்காக ஒரு மனுஷி ஊரையே எதிர்த்து நிற்பானேன் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.