ஆடி பதினெட்டு வரை

சின்ன முதலாளி அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் வைத்திருந்தார். கார்டன் லீவாம். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அக்கா, ஆடி பதினெட்டு வரைக்கும் வீட்லயே இருங்க. சம்பளம் மாசாமாசம் வந்துரும். ஆனா வேற எந்தக் கம்பெனி வாசலையும் மிதிச்சிரக் கூடாது, சரியா?" என்றார். எங்கள் வீட்டில் தோட்டம் என்று சொல்ல எண்ணெய் டின்னில் வைத்த ஒரு கறிவேப்பிலைக் கன்றுதான் உண்டு. அதற்குத் தண்ணீர் ஊற்ற எனக்குச் சம்பளமா என்று சிரித்துக்கொண்டே விருதுநகர் பஸ் ஏறினேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கு ஆடி பதினெட்டுதான் வருஷப் பிறப்பு. அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரிப் படங்களை ஆல்பமாகக் கட்டி, பூஜை போட்டு, அன்றைக்குத்தான் வெளியே விடுவார்கள். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஊர் ஊராக ஆர்டர் வரும். அதுவரைக்கும் என்ன படம் வருகிறது என்பது அடுத்த கம்பெனிக்காரன் காதில் விழக் கூடாது. நானோ படம் பொறுக்கி, கலர் பார்த்துக் கொடுக்கிறவள். அந்த வருஷத்து ஆல்பம் மொத்தமும் என் மண்டைக்குள் இருந்தது. என்னை வீட்டில் பூட்டி வைத்ததற்குக் காரணம் அதுதான்.

வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ஆகவே ஆகாது. பாத்திரத்தோடும் பக்கத்து வீட்டோடும் சண்டை வந்தது. அதற்குள், நான் அடுத்துச் சேர இருந்த சாத்தூர் ரோட்டுப் புதுக் கம்பெனி முதலாளி போன் போட்டார். "ஆடி முடிஞ்சு நீங்க வந்து நான் என்ன செய்ய? சீசனே போயிருமே. இப்ப வந்தா வாங்க, இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன். பின் கேட் வழியா வாங்க, யாருக்குத் தெரியப் போகுது?" பழைய கம்பெனியின் படம் ஒன்றைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனேன். அதில் நான் சுத்தம். அதை யாரிடமும் சூடம் அடித்துச் சொல்வேன். சிவகாசி பஸ்ஸை விட்டுவிட்டுச் சாத்தூர் பஸ்ஸில் ஏறி, தெரிந்த முகம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகினேன்.

பழைய கம்பெனியில் பைண்டிங்கில் எனக்கு ஒரு சிநேகிதி. சொந்தம் ஒன்றுமில்லை, ஆனாலும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவோம். இத்தனை வருஷமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருவர் டிபனை ஒருவர் தின்றவர்கள். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் அந்த மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். மண்டபம் முழுக்கக் கம்பெனி ஆட்களாக இருப்பார்கள், வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கோ பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவளிடம் உண்மையைச் சொல்லலாம்தான். தெரிந்துவைத்துக்கொண்டு முதலாளி முன்னால் அவள் தவிக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். "கொழுந்தன் பிள்ளைக்கு அன்னைக்கு இருக்கன்குடியில முடி இறக்குறோம் மதினி" என்று மாரியம்மன் பேரிலேயே பொய் சொன்னேன். "சாமி காரியம்னா என்ன செய்ய, போயிட்டு வாங்க" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

கல்யாணம் முடிந்து, அவள் தம்பி வீடு தேடி வந்து பலகாரம் கொடுத்துவிட்டுப் போனார். அதிரசமும் முறுக்கும் பெரிய தாளில் பொதிந்து நூல் கட்டியிருந்தது. வேலை நாள் என்பதால் பிரிக்காமல் அப்படியே புதுக் கம்பெனிக்கு எடுத்துப்போய் மேஜையில் வைத்து, "எடுத்துக்கிடுங்க, கல்யாணப் பலகாரம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அச்சு ஓட ஆரம்பிக்கும்போது கலர் சேராமல் கழிந்துபோகிற தாளில்தான் எங்கள் ஊரில் எதையும் பொதிவோம். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடுவதும், அலமாரித் தட்டில் விரிப்பதும் அதுதான். ஆடிக்கு முன்னால் மட்டும் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கல்யாண அவசரத்தில் அவளுக்கு அது நினைவில்லை. சாமி படத்தில் தின்கிற பண்டத்தைப் பொதிய மனசு வராதவள், பார்த்துப் பார்த்து ஒரு குழந்தைப் படத்தை எடுத்திருக்கிறாள். கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற குழந்தை. நான் கலர் பார்த்த படம்.

திரும்பி வந்தபோது அங்கிருந்த டிசைனர் எண்ணெயைத் துடைத்துவிட்டு அந்தத் தாளை நீவிக்கொண்டிருந்தார். "வைக்கிறீரா இல்லையாய்யா!" என்று கத்திப் பிடுங்கி, துண்டுதுண்டாகக் கிழித்துப் போட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அதற்குள் அவர் போனில் படம் பிடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

ஆடி பதினெட்டு அன்று இரண்டு கம்பெனி ஆல்பத்திலும் அதே குழந்தை, அதே கன்றுக்குட்டி. சட்டை நிறம் மட்டும் வேறு. புது முதலாளி லட்டு நீட்டி, "வந்த வேகத்துல சாதிச்சுட்டீகளே" என்றார். அந்த லட்டை அவர் மூஞ்சியில் எறியாமல் வந்தது என் கோழைத்தனம். அங்கே, பழைய கம்பெனியில், படம் எப்படி வெளியே போனது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவள் மறைக்கவில்லை. "நம்ம மதினிக்கு அந்தப் படத் தாள்லதான் பலகாரம் பொதிஞ்சு குடுத்தேன், அவுக வீட்லதான இருக்காக" என்றிருக்கிறாள். அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊர்க் கம்பெனிகளுக்கெல்லாம் சொல்லியும் விட்டார்கள். என் லீவு அன்றோடு முடிந்து, நான் அவர்கள் ஆளில்லை என்றாகிவிட்டதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வேலை என்னிடமே இருந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்றாள். நான் அழுதுகொண்டே, சாத்தூர் ரோட்டுக்கு வேலைக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன முதலாளி காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வீட்ல சும்மா இருக்கீகன்னுதான மதினி நெனச்சேன். அங்கன வேலைக்குப் போறீகன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எலையில பொதிஞ்சு குடுத்துவிட்டுருப்பேன்ல. எங்கிட்டக்கூடவா சொல்லக் கூடாது?"