காக்காட கடைப் பியானோ

பழைய கிராமபோன் ரெக்கோட் விக்கிற தொழில்ல ஊசி தேயிறதுக்கு முதல் நம்மட வயிறு எரிஞ்சு முடியும். பக்கத்தூரில ஒரு போட்டிக்காரன் இரிக்கிற உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

என்ட கடை மட்டக்களப்பு டவுணில. என்ட வயித்தெரிச்சல் காத்தான்குடியில, பேர் நவ்பர் காக்கா; அங்க அண்ணன் எண்டுறதக் காக்கா எண்டுதான் சொல்லுவாங்க. அந்தக் காலத்துப் பிரபலமான பாட்டுகள ஒண்டோட ஒண்டு கோத்துப் பியானோவில வாசிச்ச ரெக்கோட்டுகளுக்குத்தான் இப்ப கிராக்கி. நல்லதெல்லாம் அவரிட்டத்தான் போய்ச் சேருது.

மழை

பாசிக்குடாவிலருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்தார். வெள்ளைக்காரர் சாப்பிடக்குள்ள போடுறதுக்குப் பியானோ ரெக்கோட் வேணுமாம். கிராமபோனுக்குச் சாவி குடுத்து, புது ஊசி மாட்டி, என்னட்ட இருந்ததுக்குள்ள திறமானதப் போட்டன். கரகரவெண்டுதான் பாடிச்சு. கண்ண மூடிக் கேட்டிட்டு எழும்பினார். "பியானோ நல்லாத்தான் இரிக்கி தம்பி. ஆனா காக்காட கடையில இவ்வளவு மழை பெய்யல்ல."

வீட்டுக்குள்ளயும்

என்ட மனிசி காத்தான்குடிக்குச் சாரி எடுக்கப் போனா. வந்து மீன் கழுவக்குள்ள ஒரு மெட்ட முணுமுணுக்கிறா. எங்க கேட்ட எண்டன். காக்காட கடையிலயாம். கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் குடுத்து, ரெண்டு பக்கமும் போட்டுக் காட்டினாராம்.

எனக்கு வந்திச்சே ஒரு கோபம்! அதே ரெக்கோட் நம்மட கடையிலயும் எத்தினை வருசமாக் கிடக்குது எண்டு கத்தினன். மனிசி மீனிலருந்து கண்ணெடுக்கல்ல. "நீங்க ஒருநாளும் என்ன இருந்து கேக்கச் சொல்லல்லயே."

ரீச்சர்ட பெட்டி

டவுணுக்குள்ள ஒரு பறங்கி ரீச்சர், செத்துப்போன புருசன் சேத்து வெச்ச ரெக்கோட்டுப் பெட்டிய விக்கப் போறா எண்டு கேள்விப்பட்டு, காக்காவுக்கு முதல் ஓடினன். திறந்தா முழுக்கப் பியானோ. ஒரு கீறல் இல்ல. இது மட்டும் கைக்கு வந்தா அந்த ஹோட்டல்காரர் என்னட்டத்தான் வரவேணும்!

ஆனா வாங்கிறவன் ஆசையக் காட்டப்படாது, அதுதானே நம்மட தொழில் பழக்கம். உதட்டப் பிதுக்கி, இல்லாத குறையெல்லாம் எடுத்து விட்டன். "ஓரம் வெடிச்சிரிக்கி. லேபலும் மங்கிட்டு. இதுகள் ஒழுங்காப் பாடாது ரீச்சர். யோசிச்சிட்டு நாளைக்கு வாறன்."

விடிஞ்சதும் ஆட்டோவோட போனா பெட்டியக் காணல்ல. நான் போன கையோட காக்கா வந்து எடுத்திட்டுப் போயிட்டாராம். ஐயோ, அடிவயிறு பத்திச்சு. ஏன் ரீச்சர், நான் வாறன் எண்டனே எண்டு கேட்டன். பாவம், ரீச்சருக்கு என்னில அவ்வளவு இரக்கம். "பழுது எண்டு நீங்களே சொல்லிட்டீங்க மகன், தெரிஞ்சு கொண்டு அத உங்கட தலையில கட்ட எனக்கு மனசு வரல்ல. அவர் ஒரு குறையும் சொல்லல்ல, அதான் அவருக்குக் குடுத்தன்."

இப்ப நான் ரெக்கோட்டுகளில குறை சொல்றத விட்டிட்டு காக்காவில குறை தேடுறன், ஒண்டும் கிடைக்குதில்ல எண்டதுதான் இன்னும் எரியுது.