கடைத்தெருவில் ஐந்தடி

திருத்தணிக் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் வானம் தெரியாது. இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் ஒரு முழம், இன்னொரு முழம் என்று கீற்றுப் பந்தலை முன்னால் இழுத்துக்கொண்டே வந்து, நான் பிறப்பதற்கு முன்பே இரு வரிசைப் பந்தல்களும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டிருந்தன. ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஜட்கா வண்டி ஒன்று வந்துவிட்டால் ஜனங்கள் கடைக்குள் ஏறி நின்று வழிவிடுவார்கள். ஏறி நின்ற தோஷத்துக்கு ஒரு கற்பூரக் கட்டியோ சீப்போ வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அதனால் நெரிசலைப் பற்றி எந்தக் கடைக்காரரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

எனக்கும் அந்த இருட்டு பிடித்திருந்தது. நல்ல வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தக் கடை முன்னால் நிற்கிறேன் என்பதை மூக்கு சொல்லிவிடும். வெல்லமண்டி, பூக்கடை, வறுகடலைக் கடை. விபூதியும் சந்தனமும் சாம்பிராணியும் சேர்ந்து அடித்தால் அது எங்கள் கடை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனா அங்கே பூஜைச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கடைக்கு நேர் எதிரே பெரியப்பாவின் பித்தளைப் பாத்திரக் கடை. அதற்கு வாசனை கிடையாது, ஓசைதான் உண்டு.

நைனாவும் பெரியப்பாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பாகம் பிரித்தபோது ஒரு பித்தளை அண்டா யாருக்கு என்பதில் வந்த சண்டை. சண்டை முற்றி ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்வதற்குள் அண்டாவின் அடி ஓட்டையாகி, அதை யாரோ பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள். அண்டா போன பிறகும் கோபம் மட்டும் இருவரிடமும் பத்திரமாக இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் கிணற்றடியில் பேசிக்கொள்வார்கள், குழம்புகூட மாற்றிக்கொள்வார்கள். பெரியப்பா கடைக்கு நான் போகக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான உத்தரவு. பன்னிரண்டடி தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, நாள் பூராவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடிக் கிருத்திகை. நாலைந்து வருஷமாக வராதவர்கள் எல்லாரும் அந்த ஒரே நாளில் வந்துவிட்டார்கள் போலிருந்தது. நகரி, புத்தூர்ப் பக்கத்து ஜனங்கள், பள்ளிப்பட்டு நெசவுக்காரக் குடும்பங்கள், மஞ்சள் வேட்டியும் மயிலிறகுமாகக் காவடிக்காரர்கள். கடைத்தெருவில் ஒரு கட்டத்தில் யாரும் நடக்கவில்லை, கூட்டம்தான் அவர்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அம்மா வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய மோர்ச் செம்போடு நான் நைனா கடைக்கு வந்துகொண்டிருந்தேன். மலைப்பக்கத்திலிருந்து பாரவண்டி ஒன்று எதிரே வந்து மாட்டிக்கொண்டது. மாடு மிரண்டது. பின்னாலிருந்தவர்களுக்கு அது தெரியாமல் அரோகரா சொல்லிக்கொண்டே தள்ளினார்கள். செம்பு எப்போது கைவிட்டுப் போயிற்று என்று தெரியாது. என் காலும் தரையில் இல்லை. முகத்துக்கு நேரே யாருடைய முதுகோ அழுத்திக்கொண்டிருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் மூச்சு வரவில்லை.

அப்போது மேலிருந்து ஒரு கை என் பின்னலைப் பிடித்தது. இன்னொரு கை தோளைப் பிடித்தது. தேங்காய் மூட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிக் கடைக்குள் போட்டார் பெரியப்பா.

"அழாத கண்ணு, ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. புதுக் குடங்களுக்கு நடுவே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எதிரே நைனா தன் கடையின் பலகைமேல் ஏறி நின்று என் பெயரைச் சொல்லி அலறுவது கேட்டது. பெரியப்பா ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து ஓங்கித் தட்டினார். நைனா திரும்பினார். பெரியப்பா வாய் திறக்காமல் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நைனா என்னைப் பார்த்தார். அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் பெரியப்பா கடை ஆளோடு என்னை எங்கள் கடைக்கு அனுப்பிவைத்தார். அன்றைக்கு வண்டிச் சக்கரத்தில் ஒரு அம்மாளுக்குக் கால் நசுங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் தெருவை அகலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஆபீஸ்காரர்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார்கள். கார்த்திகை மாதம் கடைக்குக் கடை நோட்டீஸ் வந்தது. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்ததால் நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. தெலுங்கு பேசாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. எழுத்து வேறு விஷயம். நைனாவுக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். நானோ பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் முதல். கடையில் என்னை நிற்க வைத்துப் படிக்கச் சொன்னார். கடையின் முகப்பில் ஐந்தடி இடித்து உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

"அஞ்சா? நல்லா பாத்துச் சொல்லு" என்றார் நைனா.

"ஆங், அஞ்சுதான் நைனா."

நைனாவின் முகம் சிவந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். "நம்மளுக்கு அஞ்சுன்னா எதிர்ல ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். ஆபீஸ்காரங்க அங்கதான் வந்து உக்காந்துகினு காபி குடிச்சாங்க, நான் பாக்கலியா? கொறச்சல் மட்டும் இருக்கட்டும், சித்தூரு கோர்ட்டுல ஏத்தறேன். அண்ணனாவது தம்பியாவது."

எதிர்க்கடையில் பெரியப்பா குடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நைனா மலைக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தார். பெரியப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். உத்தரவு ஞாபகம் வந்தது. பின்னலைப் பிடித்து இழுத்த கையும் ஞாபகம் வந்தது. போனேன்.

மடித்து வைத்திருந்த நோட்டீஸை நீட்டினார். "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லு கண்ணு."

நைனாவின் வயதுக்காரர்கள் யாருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரிய பண்டிதை மாதிரி விரலை வைத்துப் படித்துக்கொண்டு போனேன். அந்த வரி வந்தது. இரண்டடி என்று இருந்தது. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கோர்ட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் வந்து யாரையாவது விலங்கு போட்டு அழைத்துப் போகிற இடம் என்று எண்ணம். நைனாவை அழைத்துப் போவார்களா, பெரியப்பாவையா? இரண்டும் எனக்கு வேண்டாம்.

"அஞ்சு அடி" என்றேன்.

பெரியப்பா சற்று நேரம் என்னைப் பார்த்தார். "எவ்ளோ?"

"அஞ்சு."

"உங்க நைனாவுக்கு?"

"அவருக்கும் அஞ்சுதான்."

எதிரே ஆளில்லாமல் இருந்த எங்கள் கடையைப் பார்த்தார். பிறகு நோட்டீஸை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். "சரி கண்ணு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்னா நல்லதாப் போச்சு" என்றார். ஒரு சின்னப் பித்தளை உழக்கை என் கையில் கொடுத்து அனுப்பினார். எதிர்க்கடைக்கும் ஐந்துதான் என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். நைனா நம்பினாரோ இல்லையோ, கோர்ட்டுப் பேச்சு நின்றது. நான் பெரிய காரியம் சாதித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன்.

இடிக்க மாட்டோம் என்று கடைத்தெரு முழுக்க மனு எழுதிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் ஒருநாள் காலையில் பெரியப்பா நாலு ஆட்களைக் கூட்டிவந்தார். முதலில் பந்தல் இறங்கியது. அடுத்து ஓடு, அப்புறம் சுவர். பழைய சுண்ணாம்புத் தூசி தெரு முழுக்கப் பறந்தது. எலிகள் கூட்டமாக வெல்லமண்டியைப் பார்த்து ஓடின. நைனா இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தார். மூன்றாம் நாள் தன் கடைக்கும் ஆள் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையாக உள்வாங்கியது. ஒருநாள் தெருவின் நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். மலையும் கோயிலும் அப்படியே தெரிந்தன. அவ்வளவு கிட்டத்தில் மலை இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெயிலும் தெரிந்தது.

மாசியில் ஆபீஸ்காரர் சங்கிலியோடு வந்தார். நான் எங்கள் கடையில் குங்குமப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையை அளந்து தலையாட்டினார். எதிர் வரிசைக்குப் போனார். பெரியப்பா கடை முன்னால் நின்று இரண்டு தடவை அளந்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு உரக்கச் சிரித்துத் தெலுங்கில் சொன்னார்: இரண்டடி இடிக்கச் சொன்னால் ஐந்தடி இடித்துவிட்டாயே ஐயா, உனக்கு என்ன பைத்தியமா!

பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாதே பொரபாட்டண்டி" என்றார். என்னுடைய தப்புதான் என்று அர்த்தம்.

நைனா கேட்டுக்கொண்டிருந்தார். தராசைக் கீழே வைத்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார். முன்னெல்லாம் நாலு எட்டில் போய்விடக்கூடிய தூரம். இப்போது தெரு அகலமாகிவிட்டதால் அவர் போய்ச்சேர நேரமாயிற்று, எல்லாரும் பார்த்தார்கள். போனவர் எதிரே நின்றார். ஆறு வருஷத்துக்கப்புறம் என்ன பேசுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

"இன்னாண்ணா இது" என்றார் கடைசியில். "பாதிக் கடையே போயிடுச்சே."

"போவட்டும் விடுடா" என்றார் பெரியப்பா. "இடிச்சது இடிச்சாச்சி. அண்டாவெல்லாம் வெக்க எடமில்ல, அதான் ரோசனையா கீது."

"நம்ம கடை பின்கட்டு காலியாத்தான் கீது" என்றார் நைனா. பதிலுக்குக் காத்திராமல் ஒன்றுக்குள் ஒன்று போட்டிருந்த இரண்டு அண்டாக்களைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பெரியம்மா அதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒருவாரம் சோறு இறங்கவில்லை. பிறகு ஒருநாள் பெரியப்பாவிடம் போய் ஒப்புக்கொண்டுவிட்டேன். பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் பெரியப்பா" என்றேன்.

"அதனால இன்னா. தெலுங்கு எழுத்து கஷ்டம்தான் கண்ணு" என்றார். "இன்னும் நல்லாப் படி."

வகுப்பில் முதலாவதாக வருகிற எனக்கு அது சாட்டையடி மாதிரி இருந்தது. மறுத்துப் பேசவும் வழியில்லை. விழுங்கிக்கொண்டேன்.

பெரியப்பா அதிகப்படியாக விட்ட அந்த மூன்றடியில் அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் கூட்டத்திலிருந்து ஒதுங்கி அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்கள். நானும் பெரியம்மாவும் மோர் ஊற்றினோம். பெரியப்பா கடைக்குப் போகாதே என்று இனி யாரும் சொல்லவில்லை.

அப்போது நகரிப் பக்கத்துக் கிழவர் ஒருவர் கையில் ஒரு தபால் கார்டோடு வந்தார். மகன் எங்கே வந்து நிற்கச் சொல்லி எழுதியிருக்கிறான் என்று தெரியவில்லை, யாராவது படித்துச் சொல்லுங்கள் என்று தெலுங்கில் கெஞ்சினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டுவதற்குள் பெரியப்பா அதை வாங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்த தெலுங்குக் கார்டை ஓரிடத்திலும் தடுக்காமல், என்னைவிட வேகமாகக் கடகடவென்று படித்துச் சொன்னார்.

நான் மோர்க் குவளையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன். "நைனா! பெரியப்பா தெலுங்கு படிக்கக் கத்துக்கினாரு! ஒரே வருசத்துல!"

கடையில் நின்ற காவடிக்காரர் ஒருவர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. எதிர்க்கடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆங். அவரு கெட்டிக்காரரு" என்றார். தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரே கற்பூரம் எரிந்துகொண்டிருந்ததால், புகை என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் தப்பாகப் படித்ததனால்தான் பெரியப்பாவுக்கு ரோஷம் வந்து, அந்த வயதில் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக்கொண்டார் என்பது என் கணக்கு. அந்தப் பெருமை வெகுநாள் எனக்கு இருந்தது.